யூசு மரத்தில் துளிர்த்த வில்வம்

டிரைவர் அண்ணன் அந்தத் தொட்டியைக் கைப்பிள்ளையைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு எங்கள் கராமா அறைக்குள் நுழைந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முழங்கால் உயரம்கூட இல்லாத மரம். யூசு என்று பெயர், ஜப்பான் எலுமிச்சை. அவருடைய மேனேஜரின் மனைவி, ஜப்பான்கார மேடம், கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அண்ணன் பொறுப்பில் விட்டுப் போயிருந்தார். துபாய் வெயிலில் வெளியே வைத்தால் ஒரே நாளில் கருகிவிடும். ஆகவே ஆறு பேர் படுக்கும் அறையில், ஜன்னலோரம், ஏழாவது ஆளாக அதற்கும் இடம் கிடைத்தது.

அந்த வருடம் அண்ணனின் நினைப்பெல்லாம் சிவகங்கையில்தான். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அண்ணி முழுகாமல் இருந்தார். முன்பே இரண்டு முறை கலைந்ததால், படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்போதுதான் ஒரு காலையில், மரத்தின் அடியில், மண்ணை ஒட்டி ஒரு துளிர் தென்பட்டது. காம்புக்கு மூன்று இலை, கூடவே முள். அண்ணன் என்னை உலுக்கி எழுப்பினார். "டேய் தம்பி, வில்வம்டா! எலுமிச்சையில வில்வம் முளைச்சிருக்குடா!"

நான் தூத்துக்குடிக் கடற்கரைக்காரன், மாதா கோயில் ஆள். வாயும் கொஞ்சம் நீளம். "சிவன் விசிட் விசாவுல வந்துட்டாராண்ணே?" என்று கேலி செய்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திங்கட்கிழமைதோறும் குளித்து, ஓர் இலை கிள்ளி, அலமாரிக் கதவில் ஒட்டிய சிவன் படத்தின் முன் வைத்துவிட்டுத்தான் டூட்டிக்குப் போவார்.

துளிர் வளர வளர, மேலே யூசு மஞ்சளடித்து இலை உதிர்த்தது. அல் கூஸில் ஏசி மாட்டப் போனபோது அங்கிருந்த நர்சரிக்காரரிடம் கேட்டேன். மரம் குட்டையாக நிற்பதற்காக வேறொரு முள்செடியின் வேர்மேல் ஒட்டுக் கட்டியது அது என்றார். அடியில் வருவது அந்த முள்செடி. விட்டுவைத்தால் மேலே இருப்பது செத்துவிடும். "ஜல்தி காட்டோ, பாய்" என்று இந்தியில் சொல்லிக் கையால் வெட்டிக் காட்டினார். அண்ணனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரம் செத்தால் அவர் வேலைக்கே உலை என்ற பயம் வேறு. அவர் டூட்டியில் இருந்த ஒரு பகலில் கட்டிங் பிளேயரை எடுத்து அடியோடு நறுக்கிக் குப்பையில் போட்டேன். பெரிய கெட்டிக்காரன் நான்!

அன்று சாயங்காலமே ஊரிலிருந்து போன் வந்தது. இந்த முறையும் தங்கவில்லை. அண்ணன் தொட்டியின் முன் போய் உட்கார்ந்தார். வெட்டுப்பட்ட இடத்தை விரலால் தடவினார்.

"யாருடா வெட்டினது?"

பழி என் மேல் விழுந்துவிடுமோ என்று பதறிப்போனேன். "நான்தாண்ணே. ஆனா அது வில்வமே இல்லண்ணே, ஏதோ ஜப்பான் முள்ளுச்செடி. மாதா சத்தியமா வில்வம் இல்ல."

என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. அவர் சிவன் படத்தையும் அதன் கீழே காய்ந்து கிடந்த இலைகளையும் பார்த்தார். "அப்ப இத்தனை திங்கக்கிழமையும் அவருக்கு நான் எதைடா போட்டேன்? அதான்..." என்றார்.

மரம் பிழைத்துக்கொண்டது. மேடத்துக்கு ஒரே சந்தோஷம். அண்ணன் அந்த வருடமே விசா கேன்சல் போட்டு ஊருக்குப் போய்விட்டார். இப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள். நர்சரிக்காரர் சொன்னது சரிதானா என்று பிறகு பலரிடம் விசாரித்தேன், சரிதான். சரியாயிருந்து என்ன செய்ய? வில்வத்தை வெட்டிட்டேண்ணே, மன்னிச்சிடுங்க என்று காலில் விழுந்திருந்தால், ஆயுசுக்கும் என்னைத் திட்டிக்கொண்டாவது இருந்திருப்பார். நான் தப்பித்துக்கொள்ள உண்மையைச் சொன்னேன். பிள்ளையைக் கொன்றது தன் பூஜைதான் என்று நினைத்துக்கொண்டே அந்த மனுஷன் விமானம் ஏறினார்.