புட்டிப்பால் கிடாவும் என் வளர்ச்சிக் கோடும்

காலை 6.40. தஞ்சாவூரிலிருந்து பூதலூருக்குப் பாசஞ்சர் ரயிலில் பத்து ரூபாய் டிக்கெட். பையில் மடிக்கணினியும் ஒரு பட்டியலும் இருந்தன.

ஆட்டுக்குட்டிகளின் எடையை வைத்து, எந்தக் கிடாவின் வம்சம் நன்றாக வளரும் என்று கணக்குப் போடுவது என் வேலை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் சில குடும்பங்கள் மாதந்தோறும் குட்டிகளை நிறுத்து எழுதி அனுப்புகிறார்கள். தேறும் கிடா இனப்பெருக்கத்துக்கு நிற்கும்; தேறாததற்குக் காயடித்துவிடுவார்கள். என் பையிலிருந்தது தேறாதவற்றின் பட்டியல். வழக்கமாக அதைக் கொண்டுபோகும் களப்பணியாளருக்குக் காய்ச்சல். அதனால்தான், சென்னை மேசையை விட்டு ஆறு ஆண்டுகளில் முதன்முறையாக நான் கிளம்பினேன்.

7.20. பூதலூர் நிலையத்து வாசலில் ஆட்டோ. சுமார் பத்து கிலோமீட்டருக்கு இருநூற்றைம்பது ரூபாய். வெண்ணாற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. இருபுறமும் குறுவை நடவு.

"ஆடு பாக்கவா மெட்ராஸ்லேருந்து வரீங்க?" என்றார், பேச்சுக் கொடுத்து விவரம் தெரிந்துகொண்ட ஓட்டுநர்.

"எவ்வளவு வளரும்னு கணக்குப் போடுவேங்க."

"எம்மவளுக்கும் போட்டுச் சொல்லுங்களேன். செருப்பு வாங்கி மாளல."

8.00. நூர்ஜஹான் வீடு. நாற்பது வயதிருக்கும், கணவர் குவைத்தில். கொல்லையில் ஏழு ஆடுகள். தேநீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். பட்டியலைப் பார்த்து, "உங்க வீட்டுல பதினேழாம் நம்பர்" என்றேன்.

"யாரு, சுல்தானையா?" அவர் முகம் மாறிவிட்டது. "பதினோரு மணிக்குக் காயடிக்க ஆள் வராரு. இவன் பேரு இருக்காதுன்னுல்ல நெனச்சேன்!"

"முதல் ரெண்டு மாசம் எடையே ஏறலையேங்க."

"எப்படி ஏறும் மேடம்? ஒரே ஈத்துல மூணு குட்டி. காம்பு ரெண்டுதான். மத்த ரெண்டும் இவனை அண்டவே விடல. தண்ணி கலந்த பசும்பால் புட்டியிலதான் வளந்தான்."

"அதை ஏன் எழுதல?"

"எங்க எழுதறது? தாய் நம்பர், தேதி, எடை. மூணு கட்டந்தானே குடுத்தீங்க?"

உயிர்களின் வளர்ச்சியைத் தாளில் வரைந்தால், முதலில் மெல்ல ஏறி, பிறகு வேகமெடுத்து, கடைசியில் சமமாகும் ஒரு வளைகோடு கிடைக்கும். ஒரு குட்டியின் கோட்டை அதன் உறவுக் குட்டிகளின் கோடுகளோடு ஒப்பிட்டு, அதில் எவ்வளவு வம்சத்தால் வந்தது என்று கணிக்கிறோம். தாய்ப்பாலின் பங்கைத் தனியே பிரிக்க வேண்டும் என்று மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவள் நான். என் படிவத்திலோ அதற்கு இடமில்லை. இரண்டு மாதப் பசியை ரத்தத்தின் குறையாகப் பதிந்திருந்தேன்.

9.30. மேயத் தொடங்கிய பிறகான எடைகளை மட்டும் எடுத்துப் புதிதாகக் கோடு வரைந்தேன். சுல்தான் உடன்பிறந்த இருவரையும் விட வேகமாக ஏறியிருந்தான். பசியில் கிடந்த குட்டி, தீனி கிடைத்ததும் வேகமாக ஏறுவதும் உண்டு. எனவே அவன் சிறந்தவன் என்று சொல்ல முடியாது, கழிக்கவும் முடியாது.

"மூணு மாசம் பொறுங்க. காயடிச்சுட்டா அப்புறம் திரும்பாதுங்க" என்று பெயரை அடித்தேன். பட்டியலில் இன்னும் எட்டு இருந்தன. நூர்ஜஹானே போனை எடுத்தார்.

"அக்கா, ஒங்க நாப்பதாம் நம்பர் தாய்ப்பாலா, புட்டிப்பாலா?"

ஒவ்வொரு வீடாக விசாரித்ததில் இன்னும் இரண்டு புட்டிப்பால் குட்டிகள் கிடைத்தன; அவற்றையும் அடித்தேன். காயடிக்க வந்தவரை இங்கே வேலையில்லை என்று சொல்லி, தேநீர் கொடுத்து, மீதி ஆறின் பட்டியலோடு அடுத்த ஊருக்கு அனுப்பினோம்.

மாலை 4.00. விடைபெறும்போது நன்றி சொன்னேன். "எனக்கு எதுக்கு நன்றி? நேர்ல வந்தது நீங்கதானே" என்று நூர்ஜஹான் ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் பையில் திணித்தார்.

மூன்று மாதம் கழித்து சுல்தான் தேறினான், இரண்டாம் இடத்தில். மற்ற இரண்டு புட்டிப்பால் குட்டிகளில் ஒன்று தேறவில்லை. எங்கள் படிவத்தில் இப்போது நான்காவதாக ஒரு கட்டம் உண்டு.

பழைய பட்டியல்களும் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் எத்தனை குட்டிகள் புட்டிப்பால் குடித்தவை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த வருத்தம் போகாது. ஆனால் அவற்றில் வருந்த ஏதாவது இருக்கிறது என்றே முன்பு எனக்குத் தெரியாமல் இருந்தது. தெரியவைத்த அந்தக் கொல்லைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.