செகண்ட் ஷிப்டும் பேஸ் டிராம்போனும்

பேஸ் டிராம்போன் என்கிற பெரிய பித்தளை ஊதுவாத்தியத்தைச் சுரங்கக் குவார்ட்டர்ஸில் வைத்து ஊத முடியாது. எங்கள் பிளாக்கில் எந்த நேரமும் யாராவது ஒருவர் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருப்பார். அதனால் என் பழைய யூனிபார்ம் சட்டையைச் சுருட்டி வாத்தியத்தின் வாய்க்குள் திணித்துவிட்டு ஊதுவேன். அதுவும் பின்கதவைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். முன்னும் பின்னும் இழுக்கிற குழாயான ஸ்லைடை முழுதாக நீட்டினால் எங்கள் அறை போதாது, முனை நிலைப்படியைத் தாண்டித் தோட்டத்துக்குள் போகும். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவியின் முதுகில் ஒருமுறை இடித்து, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வாத்தியம் எங்கள் சர்ச்சினுடையது. ஒரே வால்வுதான். இடது கட்டைவிரலால் அதை அழுத்தினால் உள்ளே இன்னொரு வளையக் குழாய் திறந்து, குரல் சட்டென்று அடியாழத்துக்கு இறங்கும். இரண்டு வால்வு உள்ளதும் இருக்கிறது, அதில் எல்லா சுரமும் வரும். என்னுடையதில் அடியிலே ஒரே ஒரு சுரம் மட்டும் வராது. ஸ்லைடு முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் அப்பால் இருக்கிறது அது. எட்டிப் பிடிக்கிறேன் என்று இழுத்தால் ஸ்லைடு கழன்று கையோடு வந்துவிடும்.

போகட்டும், ஒரு சுரம்தானே. மற்றதெல்லாம் சுகம். எங்கள் சர்ச் குழுவில் இரண்டு டிரம்பெட், இரண்டு சின்ன டிராம்போன், நான். பாட்டின் மெட்டு என் பங்குக்கு வரவே வராது. மற்றவர்கள் மேலே ஓடியாடிக்கொண்டிருக்க, நான் என் முறைக்காகக் காத்திருந்து ஒரே ஒரு நீளமான சுரத்தை அடியில் வைப்பேன். உட்கார்ந்திருக்கும் நாற்காலி அதிரும். அதுவரை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்த டிரம்பெட்டுகள் அந்த நொடியில் ஒழுங்குக்கு வந்துவிடும். கேட்பவர்களுக்கு நான் இருப்பதே தெரியாது, நான் நிறுத்தினால்தான் தெரியும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

குழுவை நடத்துகிறவர் டவுன்ஷிப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார். கிறிஸ்துமஸுக்கு அவர் எடுத்த பாட்டு ஒன்றில், முடிவுக்கு முந்தின சுரமாக வந்து நின்றது அந்த எட்டாத சுரம். நான் தலையைச் சொறிந்தேன். அவர் எல்லாருடைய இசைத் தாள்களையும் வாங்கிக்கொண்டு போய், பாட்டையே ஒரு படி இறக்கி எழுதிக் கொண்டுவந்தார். பாட்டு தூங்கி வழிகிறது என்று சர்ச் பாடகர்கள் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பயிற்சி புதன்கிழமை சாயங்காலம். எனக்கு செகண்ட் ஷிப்ட் வருகிற வாரமெல்லாம் அந்த நேரத்தில் நான் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பக்கத்து ஊரான வடக்குத்தில் வீடு கட்டியிருக்கும் பாய் ஒருவர் வேறு ஷிப்டில் இருந்தார். புதன்கிழமைகளில் எனக்காக மாறிக்கொள்வார்.

"நீ போய் ஊதிக்கினு வாய்யா. பெல்ட்டு எங்கியும் ஓடிடாது" என்பார்.

பதிலுக்கு ரம்ஜான், பக்ரீத் அன்று அவருடைய ட்யூட்டி எனக்கு. அவர் வீட்டு பிரியாணி சுடச்சுட எங்கள் வீட்டுக்கு வந்து, நான் திரும்புவதற்குள் பாத்திரம் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். இருந்தாலும் கணக்கு நேர்தான்.

பிறகு பாய்க்கு முழங்கால் போய்விட்டது. டாக்டர் சொல்லி அவரைப் பகலில் மட்டும் வேலையுள்ள ஜெனரல் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள், எங்கள் மாற்றலும் அதோடு நின்றது. வேறு ஆட்களிடம் கேட்டுப் பார்த்தேன். பீப்பி ஊதுவதற்கா ட்யூட்டி மாற்றுவார்கள் என்று சிரித்தார்கள். பர்மனென்ட் ஆளுக்கு என்னய்யா குறை என்றும் கேட்டார்கள். நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் வெளியே கான்ட்ராக்டில் நிற்கிறவர்கள் அடிக்க வருவார்கள். ஆனால் மாட்டிக்கொண்டுதான் இருந்தேன். பெல்ட் சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டு, இந்நேரம் பாட்டில் எந்த வரியில் இருப்பார்கள் என்று கட்டைவிரலை மடக்கி மடக்கிப் பார்ப்பேன். அப்படியே அழுகை வரும்.

நான் இல்லாத நாட்களில் கீபோர்டு வாசிக்கும் அக்கா இடது கையால் என் பகுதியைச் சேர்த்து வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கீபோர்டுக்கு எட்டாத சுரமும் இல்லை, ஷிப்டும் இல்லை. எரிச்சலாக இருந்தது. வாத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இந்த அவஸ்தை விட்டது என்று முடிவு செய்து, வார விடுமுறை புதன்கிழமையில் விழுந்த ஒரு நாள், பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போனேன்.

சர்ச் ஹாலுக்கு வெளியே நின்றபோது அதே கிறிஸ்துமஸ் பாட்டு. அடியில் கீபோர்டு. முடிவு வரும் வரை கேட்டேன். பாட்டு இன்னும் அந்த ஒரு படி இறங்கியேதான் இருந்தது.

உள்ளே போனதும் அதைத்தான் கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே.

"கீபோர்டுக்குத்தான் எல்லாம் எட்டுமே, சார். பாட்ட மறுபடி மேல ஏத்திருக்கலாமே?"

வாத்தியார் தன் டிரம்பெட்டிலிருந்து எச்சில் தண்ணீரை உதறிக்கொண்டே சொன்னார்.

"ஏத்திட்டா, நீங்க வர்ற அன்னிக்கு என்ன பண்ணுவீங்க?"

பாடகர்களில் யாரும் முணுமுணுக்கவில்லை. என் நாற்காலி போட்ட இடத்திலேயே காலியாகக் கிடந்தது. கையில் பெட்டியோடு நின்றேன். திருப்பிக் கொடுக்க வந்தேன் என்று இனி எந்த வாயால் சொல்வது? உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, வாத்தியத்தின் வாய்க்குள் சுருண்டு கிடந்த யூனிபார்ம் சட்டையை உருவிக் காலடியில் போட்டேன். கீபோர்டு அக்கா இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் எனக்கு செகண்ட் ஷிப்ட். அதையாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் வாத்தியார் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்.