பிழை எண் நாற்பத்தொன்று

திருச்சி பீமநகரில் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், மாடி வீட்டில் குடியிருக்கும் இர்பானாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். "கம்ப்யூட்டர்ல கேம் ஆடுறாங்க, அதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்க" என்பாள் கீழ்வீட்டு ரோசம்மாள். மாமியார் சாரா பீவியோ, கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் "ஐ.டி.தான்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். இரண்டும் உண்மைதான். கம்ப்யூட்டர் விளையாட்டுகள் கடைக்கு வருமுன் அவற்றை ஆடிப் பார்த்து, எங்கெங்கே தப்பு இருக்கிறதென்று கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பவள் அவள். நடக்கிறவனின் கால் சுவருக்குள் புதைகிறதா, செத்தவன் எழுந்து வருகிறானா, எல்லாவற்றுக்கும் எண் போட்டுச் சென்னைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும்.

பேய், பூதம், ரத்தம் என்றால் கேள்வியே கிடையாது, அவளுக்குத்தான் வரும். "உங்களுக்குப் பயமே வராதாக்கா?" என்று அவளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பிரவீன்ராஜ் ஒருமுறை போனில் கேட்டான். "பயப்படுறதுக்கு எங்கப்பா நேரம்?" என்றாள். பச்சைப் பொய். இர்பானாவுக்குப் பயம் உண்டு, ஆனால் அது ஒன்றே ஒன்று. எட்டு வயது மகள் இக்ராவுக்கு வீசிங். பனிக்காலம், ஒட்டடை, பக்கத்து வீட்டு ஊதுபத்தி, எது பட்டாலும் பிள்ளைக்கு நெஞ்சு இழுக்க ஆரம்பித்துவிடும். கணவன் ஜைத் சவூதியில், தம்மாமில் இருந்தான். இழுப்பு வந்த நாட்களில் தூக்கிக்கொண்டு ஓடியதெல்லாம் இவள்தான். என்றைக்காவது ஒருநாள் தான் போய்ச் சேருவதற்குள் அந்த மூச்சு நின்றுவிடுமோ என்ற நினைப்பு, சோறு வடிக்கும்போதுகூட வந்துவிட்டுப் போகும்.

போன சித்திரையில் வந்த வேலை அவளுக்குத் தெரிந்த கதைதான். அவளைப் பெற்ற அத்தா வாலிபராக இருந்தபோது வந்த ஆங்கிலப் படம் அது. வியாழனைச் சுற்றும் ஒரு நிலவில், பனிக்கட்டிக்கு அடியில் சுரங்கம், அதற்குள் ஏழு பேர். அவர்களோடு கண்ணில்லாத ஒன்று. பார்க்காது, கேட்கும். தும்மினவன் போனான். இர்பானா ஒன்பது வயதில் அதை டிவியில் பார்த்தாள். பாதிப் படத்தில் அத்தா எழுந்துபோய் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்தார், அந்தப் பிராணிக்குக் கேட்டுவிடக் கூடாதென்று. மனுஷனின் புத்தி அப்படி. பிறகு அவள் ஸ்ரீரங்கத்தில் தெற்குச் சித்திரை வீதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தபோது, அதே படம் விளையாட்டாக சி.டி.யில் வந்தது. சாப்பாட்டு வேளையில் கூட வேலை செய்த பிரேமலதாவோடு சேர்ந்து ஆடியிருக்கிறாள். அதில் பிராணி கட்டம் கட்டமாக, செங்கல்லை அடுக்கினதுபோல இருக்கும். பயத்தைவிடச் சிரிப்புத்தான் அதிகம் வந்தது.

இப்போது அதையே மறுபடி புது விளையாட்டாகச் செய்திருந்தார்கள். இந்த முறை சிரிக்க முடியவில்லை. ஆடுகிறவர் உட்கார்ந்திருக்கும் அறையின் சத்தம் மைக் வழியாக விளையாட்டுக்குள் போகும். நீங்கள் இருமினால் அதற்குக் கேட்கும். நாற்காலியை நகர்த்தினால் திரும்பிப் பார்க்கும், வரும், கொல்லும். மைக்கில் விழுவது என்னவென்று ஆடுகிறவளுக்கும் தெரியவேண்டுமே, அதனால் அதே சத்தம் ஹெட்போனிலும் வந்துகொண்டிருக்கும்.

கத்திரி வெயிலில், திருச்சியில், ஃபேனை நிறுத்திவிட்டு ஜன்னலையும் சாத்திக்கொண்டு வேலை செய்வதென்றால் சும்மாவா? ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டாள். அறைக் கதவின் கைப்பிடியில் சிவப்புத் துப்பட்டா தொங்கினால் குக்கர் வைக்கக் கூடாது, பாத்திரம் உருட்டக் கூடாது, கூப்பிடவும் கூடாது. மாமியாருக்குத்தான் இரண்டு நாள் முணுமுணுப்பு. இக்ரா முதல் நாளிலிருந்தே கால் விரலை ஊன்றி நடக்கப் பழகிவிட்டாள். என் பிள்ளைக்கு எவ்வளவு சமத்து என்று இர்பானா பூரித்துப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை சாரா பீவி ஒரு கல்யாணத்துக்காக முசிறி போயிருந்தாள். ஸ்கூல் லீவு. பிற்பகல் இரண்டு மணிக்கு இக்ராவுக்குச் சோறு ஊட்டி, வரைய நோட்டும் கலர் பென்சிலும் கொடுத்துக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, துப்பட்டாவை மாட்டிக் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்ஹேலர் அறைக்குள் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. வெளியே வைத்தால் பிள்ளை அழுத்தி அழுத்தி விளையாடித் தீர்த்துவிடுகிறாள் என்று அவளே எடுத்து வைத்ததுதான்.

அரை மணி நேரம் ஒழுங்காகப் போனது. பனிச் சுரங்கத்தில் மூன்றாம் தளம், ஆளில்லாத சமையல் கூடம். அப்போது ஹெட்போனில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. மெல்ல இழுத்து, நின்று, மெல்ல விட்டது. இர்பானா கையை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். அந்தத் தளத்தில் பிராணியே கிடையாது. இரண்டு தளம் கீழே தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். மூச்சு மட்டும் வந்தது. இவ்வளவு வருஷத்தில் முதல்முறையாக வேலை நேரத்தில் அவளுக்குப் பிடரி சிலிர்த்தது.

பயம் அடங்கியதும் சந்தோஷம் வந்தது. வேறு யாரும் கண்டுபிடிக்காத பிழையல்லவா! அறிக்கையைத் திறந்து எழுதினாள். 'பிழை எண் 41. பிராணி இல்லாத தளத்தில் மூச்சுச் சத்தம் கேட்கிறது. கடுமை: நடுத்தரம்.' ஒருதரம் கேட்டதை எழுதினால் பிரவீன்ராஜ் ஒப்புக்கொள்ள மாட்டான். மறுபடியும் ஆரம்பத்திலிருந்து ஆடினாள். மறுபடியும் வந்தது. செல்போன் கடிகாரத்தை வைத்து அளந்தாள். முதலில் மூச்சுக்கு மூச்சு மூன்று விநாடி, பிறகு இரண்டு. 'நேரம் ஆக ஆக வேகம் கூடுகிறது' என்று சேர்த்துக்கொண்டாள். அதற்குள் ஒரு மெல்லிய விசில் ஓசையும் கேட்டது. அருமையாகச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

மூன்றாம் முறை பிராணியே வந்துவிட்டது. அவள் அசையவில்லை, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் அது நேராக வந்து கொன்றது. எதைக் கேட்டு வந்தது?

மூச்சு விளையாட்டின் எந்தப் பகுதியிலிருந்து வருகிறதென்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு சத்தமாக அணைத்துக்கொண்டே வர வேண்டும். பின்னணி இசையை அணைத்தாள். காற்றை அணைத்தாள். பிராணியின் குரலை அணைத்தாள். கடைசியில் விளையாட்டின் மொத்தச் சத்தத்தையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள்.

மூச்சு நிற்கவில்லை.

இழுப்பு, விசில், இழுப்பு. அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் உடம்பு எழுந்திருக்கவில்லை. பிறகு ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கதவைத் திறந்தாள். கதவில் சாய்ந்திருந்த இக்ரா அவள் காலடியில் மல்லாந்து விழுந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. விலாவெலும்புக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து வந்தது. இரண்டு கைகளையும் வாய்மேல் அழுத்தி வைத்திருந்தாள்.

"யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை. இழுப்பறையைத் திறந்த வேகத்தில் அது கழன்று கையோடு வந்தது. இன்ஹேலரை இரண்டு தடவை அழுத்தினாள். உள்ளே போனதா வெளியே போனதா தெரியவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கும்போதே கத்தினாள். ரோசம்மாள் மாவுக் கையோடு ஓடிவந்து, சந்து முனையில் நின்ற பரக்கத் அலியின் ஆட்டோவைக் கூப்பிட்டாள். புத்தூர் ஆஸ்பத்திரி போகும்வரை ரோசம்மாள் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். இர்பானா பிள்ளையின் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூச்சாக எண்ணினாள். விசில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. குறைவது நல்லதில்லை, காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். "எவ்வளவு நேரமா இழுக்குது?" என்று டாக்டரம்மா கேட்டார். அதற்கு நிமிஷக் கணக்கோடு அவளால் பதில் சொல்ல முடிந்தது. ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். டாக்டரம்மா அவளை ஒருமாதிரி பார்த்தார். "இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மாஸ்க்கைக் கழற்றினார்கள். உதட்டில் நிறம் வந்திருந்தது. இர்பானா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். கேட்கக் கூடாதென்றுதான் இருந்தாள், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏம்மா கூப்பிடல? கதவையாவது தட்டியிருக்கலாம்ல?"

இக்ரா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குசுகுசுவென்று சொன்னாள். "தட்டுனா அது வந்துரும்லம்மா."

"எது?"

"கண்ணு இல்லாதது. அன்னைக்கு நான் டம்ளரைக் கீழ போட்டப்ப வந்துச்சுல்ல. 'உன்னாலதான்டி நான் செத்தேன்'னு சொன்னீங்கல்ல."

சொல்லியிருந்தாள். போன வாரம். இரண்டு மணி நேர ஆட்டம் வீணான ஆத்திரத்தில் கத்திவிட்டு, தேநீர் போடுவதற்குள் மறந்தும் போயிருந்தாள்.

"நான் சத்தமே போடலம்மா" என்றாள் பிள்ளை. "வாயைப் பொத்திக்கிட்டேன். மூச்சு மட்டும்தான் சத்தம் போட்டுச்சு. அதையும் நிறுத்திப் பார்த்தேன், முடியல."