பற்றிக்கின் கடலடி விமானம்

மூதூரில் பற்றிக்குக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறதென்பது சுத்தப் பொய். பாலையூற்றுச் சனத்துக்குக் குழாயடியில் நின்றால் வாய் சும்மா இராது. பெண்சாதி கிறேஸ் அவனை அகப்பையால் அடித்தாள் என்பது மட்டும் உண்மை. அதுவும் ஒரே ஒரு அடி, முதுகில். அதற்குக் காரணம் பெண் இல்லை, விமானம்.

பற்றிக் தூண்டில்காரன். இளவயதில் சங்கு குளிக்கப் போனபோது, இரண்டாம் உலக யுத்தத்தில் கடலில் விழுந்த விமானம் ஒன்றை அடியில் கண்டான். அதன் கம்பிக்கூட்டுக்குள் கலவாய் மீன்கள் குடும்பம் குடும்பமாய் இருந்தன. அவன் வீட்டு அடுப்பு எரிந்ததும், மகள் சுதர்ஷிகா கம்பஸுக்குப் போனதும் அந்த மீனால்தான். இடம் எங்கே என்று பதினெட்டு வருடமாய் கிறேஸுக்குக்கூடச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒருவருக்கும் தெரியாதவரைக்கும்தான் அது தங்களுடையது என்று அவளுக்கு விளங்கும்.

ஆனால் பின்னேரமானால் அவன் கலீலுர் றஹ்மானின் சைக்கிள் கடைக்குப் போய்விடுவான். ஜப்பான்காரரின் சீரோவா, வெள்ளைக்காரரின் ஹரிக்கேனா, யுத்த விமானங்களில் எது திறம் என்று இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை.

"சீரோதான்டா பிளேன்! கப்பல்ல இருந்து எழும்பி வந்து, பட்டம் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு அடிச்சது. உன்ட ஹரிக்கேன் பின்பக்கமெல்லாம் துணி. சாரம் கட்டின பிளேன்!" என்பார் றஹ்மான்.

"துணி கிழிஞ்சா ஒட்டலாம், நானா. உங்கட சீரோ ஒரு வெடி பட்டா மண்ணெண்ணெய்ப் போத்தல். என்ர ஹரிக்கேன் இண்டைக்கும் என்ர வீட்டுக்குச் சோறு போடுது. சீரோ ஆருக்குச் சோறு போட்டது?"

ஒருநாள் கிறேஸ் தேங்காய் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாய் வந்தாள். கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் தேத்தண்ணியோடு இருந்தார்கள், பாதிப்பேர் தோணிக்காரர்கள்.

"அது ஹரிக்கேன் எண்டு உனக்கு ஆர் சொன்னது? பழைய லொறியாயிருக்கும்," என்றார் றஹ்மான்.

"லொறியோ? ஒரு செட்டைக்கு நாலு துவக்கு, ரெண்டுக்கும் எட்டு. கையால தடவி எண்ணினனான்!"

"இடத்தைச் சொல்லன், பாப்பம். சொல்ல ஏலாதெண்டா அது லொறிதான்."

கடை சிரித்தது. பற்றிக்கின் காது சிவந்ததை கிறேஸ் கண்டாள். "இஞ்சாருங்கோ, வீட்ட வாங்கோ!" என்று கத்தினாள்.

"வெளிச்சவீடு வலப்பக்கம்! கோணேசர் கோபுரமும் தண்ணித் தாங்கியும் ஒரே நேரில வாற இடம்! போய்ப் பாருங்கோ!" என்று பற்றிக்கும் கத்தினான்.

தோணிக்காரர்கள் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்கள்.

மறுநாள் விடிய அந்த இடத்தில் ஒன்பது தோணி. அதில் ஒன்றில் றஹ்மானும் போனார், மருமகன் அஸாமைக் கடலுக்குள் இறக்கி எண்ணிப்பார்க்க. பின்னேரம் நேரே பற்றிக்கின் வீட்டுக்கு வந்தார்.

"எட்டுத் துவக்குத்தான். நீ வெண்டிட்டாய்டா."

பற்றிக்கின் முகத்தில் கல்யாணத்தன்றுகூட கிறேஸ் அப்படியொரு சிரிப்பைக் கண்டதில்லை. அகப்பை விழுந்தது அப்போதுதான்.

"வெண்டாராம்! நாளைக்குக் குசினியில அந்தத் துவக்கையோ அவிக்கிறது?"

ஒரு கிழமையில் கலவாயின் வால்கூட அங்கே மிஞ்சவில்லை. வேறு இடம் தேடித்தான் ஆகவேண்டும். புல்மோட்டையில் பற்றிக்கின் தம்பி றிக்சனின் தோணி இருந்தது. அங்கே தங்கி இடம் பார்க்கச் சொல்லி உடுப்புப் பையைக் கட்டிக் கொடுத்ததே கிறேஸ்தான். குழாயடியிலோ, அவன் ஓடிப்போனானாம்!

புறப்பட்ட காலையில் றஹ்மான் மோட்டார்சைக்கிளோடு வாசலில் நின்றார், பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட. குற்றம் தன்னுடையதும்தான் என்று அவருக்குத் தெரியும்.

"அங்க என்ன கண்டாலும் ஒருத்தரிட்டயும் வாயைத் திறக்கக்கூடாது," என்றாள் கிறேஸ்.

"ஓமப்பா."

"ஆர் லொறி எண்டு சொன்னாலும்?"

பற்றிக் கொஞ்சம் யோசித்தான். "ஓம்," என்றான்.

அவள் பையை எடுத்து அவன் தோளில் மாட்டி, முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளினாள். அவன் வாசலைத் தாண்டிப் போனான்.