ஏழாம் நம்பர்

டைப்பிங் அக்காவின் கம்ப்யூட்டர் திரையில் இடது ஓரமாக ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தைக் கிழித்து, செல்லோ டேப் போட்டு ஒட்டியது. அதில் எண் போட்டு, உருண்டையான பெரிய எழுத்தில் ஏழு வரிகள். வாரத்துக்கு ஒருமுறையாவது அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், ஆனால் ஏதோ கடைச் சமாசாரம் என்று நினைத்து அதைப் படித்ததே இல்லை. ஒரு நாள் ஜெராக்ஸ் மிஷினில் சிக்கிய தாளை இழுக்க அக்கா எழுந்து போனார். பொழுது போகாமல் படித்தேன். ஒன்று, பெருமூச்சு விட்டான். இரண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூன்று, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நான்கு, தொண்டையைச் செருமிக்கொண்டு. ஐந்து, முந்தானை நுனியைத் திருகினாள். ஆறு, கால் கட்டைவிரலால் தரையில் கோடு போட்டாள். ஏழு, கண்கள் பனித்தன.

நான் தேவிகாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஆரணியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். அந்தப் பயணத்தில் நோட்டில் கையால் கதை எழுதுவேன். டைப் செய்ய வராது, கற்றுக்கொள்ளச் சோம்பல். ஆகவே கோட்டை மைதானத்துக்குப் போகும் வழியிலிருக்கும் இந்தக் கடையில் கொடுத்து அடித்து வாங்கிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். நாற்பது கதைகளுக்கு மேல் வந்திருக்கின்றன. ஊரில் நாலு பேர் எழுத்தாளர் என்று கூப்பிடுகிறார்கள். அந்த நினைப்பிலேயே தலை கொஞ்சம் கனத்துக் கிடந்த காலம் அது.

“இன்னாக்கா இது?” என்று கேட்டேன்.

“இதா? இது உனுக்குன்னே செஞ்சி வச்சது தம்பி. ஒரு நம்பர் தட்டுனா முழு லைனும் வந்து உழுந்துடும். உன் கதையில வர்றவங்க எல்லாம் இத்தத்தான பண்ணிகினு கீறாங்க? தபா தபா எதுக்கு முழுசா அடிக்கணும்? வேலை ஜல்தியா முடியுதில்ல?”

“எப்பத்துலேர்ந்து?”

“நாலு வருசம் ஆவுது.”

அக்கா சொன்னதில் கேலி துளியும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பளாரென்று அறைந்திருந்தால்கூட அப்படி ஆடிப்போயிருக்க மாட்டேன். நாலு வருடமாக நான் ரத்தத்தைக் கொடுத்து எழுதுவதாக நினைத்ததை அக்கா ஒற்றை விரலால் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்கு வந்து பழைய கதைகளை எடுத்துப் பார்த்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவனும் பெருமூச்சு விடுகிறான், பஸ்ஸைத் தவறவிட்டவனும் பெருமூச்சு விடுகிறான். இவர்களுக்குள் ஆளை மாற்றி வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, எனக்கே தெரிந்திருக்காது.

இரண்டு மாதம் எழுதவில்லை. பஸ்ஸில் நோட்டைத் திறக்காமல் மனிதர்களைப் பார்த்துக்கொண்டு போனேன். அந்த இரண்டு மாதத்தில் ஒருவர்கூட என் முன்னால் உதட்டைக் கடிக்கவில்லை. ஒரு நாள் கை நிறைய மல்லிகைச் சரத்தோடு ஒரு பெண் ஏறினாள். வழியில் போன் வந்தது. யாரோ தவறிப்போன சேதி என்று அவள் கேட்ட இரண்டு கேள்விகளில் புரிந்துவிட்டது. அவள் அழவில்லை. மடியிலிருந்த சரத்தைப் பார்த்தாள், எடுத்துப் பக்கத்து சீட் அம்மாளிடம், “இத்த நீங்க வச்சிக்கங்கம்மா” என்று கொடுத்தாள், அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டாள். இத்தனை காலம் கண்ணை மூடிக்கொண்டா எழுதினேன் என்று இருந்தது.

அப்போதுதான் டைப்பிங் அக்காவையே எழுதினால் என்ன என்று தோன்றியது. அவர் அளவுக்கு நான் அருகிலிருந்து பார்த்த ஆள் வேறு யார்? நம்பர் போட முடியாத ஆளாக, அவர் ஒருவருக்கே உரிய அசைவுகளோடு எழுதிக் காட்ட வேண்டும் என்று வெறி வந்தது. எனக்கு அப்போது அக்காவைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற எண்ணம். பிரின்ட் வரும்வரை அவர் வலது கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அப்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உருட்டிக்கொண்டே இருக்கும். டைப் அடிக்க ஆரம்பித்தால் நின்றுவிடும். ஆரணிக்காரனுக்கு இதை விளக்க வேண்டுமா? தறியில் ஒரு பாவு, அதாவது நெடுக்கு நூல், முடிந்ததும் புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். அக்கா தறிக்காரர் வீட்டுப் பெண். சின்ன வயதில் பிணைத்த விரல்கள், இல்லாத இழையை இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே அதை நாலு முறை படித்துச் சொக்கிப்போனேன்.

அதோடு விட்டேனா? நடக்கும்போது அவருடைய வலது கை வீசாது. கண்ணுக்குத் தெரியாத குடத்தை இடுப்பில் வைத்திருப்பவள் என்று எழுதினேன். கவர்மேல் அவர் எழுதும் பெயர்கள் வரவரச் சிறுத்துக்கொண்டே வந்தன, அதைச் சிக்கனம் என்று எழுதினேன். முன்பு போல் அவர் முகம் சட்டென்று சிரிப்பதில்லை, கஷ்டத்தில் சிரிப்பை அளந்து செலவு செய்பவள் என்று எழுதினேன். வலது தோளில் எப்போதும் தைல வாசனை அடிக்கும், உழைப்பின் வாசனை என்று எழுதினேன். ஊரை மட்டும் சந்தவாசல் என்று மாற்றி, டைப்பிங் கடையை ஜெராக்ஸ் கடை ஆக்கினேன். இதற்குமேல் யாரால் கண்டுபிடிக்க முடியும் என்று ஒரு தைரியம்.

அந்தக் கதையையும் அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு கடைக்குப் போயிருக்கலாம். உண்மையைச் சொல்வதானால், ஏழு நம்பரில் ஒன்றுகூட இதில் இல்லை என்பதை அவர் பார்க்க வேண்டும் என்ற ஆசை. பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தேன். விசைப்பலகைச் சத்தம் வழக்கம்போல் தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் பக்கம் போனதும் நின்றது. அக்கா என் நோட்டைப் பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த தன் வலது கையைப் பார்த்தார். அது உருட்டிக்கொண்டிருந்தது. இடது கையை எடுத்து அதன்மேல் வைத்து மூடினார். மூடிய கைக்கு அடியிலும் அது அசைந்துகொண்டே இருந்தது.

“இது எப்பத்துலேர்ந்து தம்பி?”

கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது, அதை மறைக்காமல் சொல்கிறேன். “ரெண்டு வருசமா பாக்குறேங்க்கா” என்றேன்.

“ரெண்டு வருசமாவா? ரெண்டு வருசமா பாத்துகினு இருந்தியா? ஒரு வார்த்த சொல்லல?”

“நீங்க பாவு பிணைச்ச பழக்கம்னு நெனச்சேன்க்கா…”

அக்கா என்னையே பார்த்தார். “நான் எங்க தம்பி பாவு பிணைச்சேன்? எங்க அக்காளுங்க ரெண்டு பேருதான் பிணைப்பாங்க. எனுக்கு சாம்பல் பட்டா கை வெடிச்சிக்கும். அதுக்கோசரம்தான் என்னிய டைப்பிங் கிளாசுக்கே அனுப்புனாங்க. ஆரணியில பொறந்தா அல்லாரும் நூலத்தான் முறுக்கினு இருக்கணுமா?”

காதில் ஜெராக்ஸ் மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பத்து வருடப் பழக்கம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், “ஏன்க்கா கை இப்படிப் பண்ணுது?” என்று கேட்டிருக்கலாம். நாற்பது கதை எழுதியவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அக்கா மறுபடி விசைப்பலகையில் கை வைத்து மிச்சக் கதையையும் அடித்து முடித்தார். இரண்டு பிரதி எடுத்தார். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, மற்றதை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் அந்தக் கதையை எங்கும் அனுப்பவில்லை.

அடுத்த வாரம் வேலூரில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்க்கப் போனோம். அக்காவின் வீட்டுக்காரர் வேலையாகப் பெங்களூரில் இருந்ததால் நான் உடன் போனேன். போகாமல் இருக்க எனக்கு முகம் இல்லை. என்ன தொந்தரவு என்று டாக்டர் கேட்டதும் அக்கா பையிலிருந்து அந்தத் தாள்களை எடுத்து நீட்டினார். “அல்லாம் இதுல கீது சார்.” டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. படித்து முடித்துவிட்டு அக்காவை வராந்தாவில் நடக்கச் சொன்னார், வலது கை வீசவில்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார், எழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போனது. தோளைப் பிடித்துப் பார்த்தார், இறுகியிருந்தது. நான் அலங்காரமாக எழுதிய ஒவ்வொரு வரியையும் அந்த மனிதர் நோயின் அடையாளமாக ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். நடுக்குவாதம் என்றார்.

“இத எழுதுனது யாரு?” என்று கேட்டார். அக்கா என்னைக் காட்டினார். டாக்டர் தாள்களைத் திருப்பிக் கொடுத்தபடி, “எல்லாமே சரியா பாத்திருக்கீங்க. காரணம் மட்டும்தான் தப்பு” என்றார்.

ரெண்டு வருடம் முன்பே வந்திருந்தால் நோய் நின்றிருக்குமா என்று கேட்டேன். நின்றிருக்காது, ஆனால் மாத்திரை ஆரம்பித்திருந்தால் இந்த ரெண்டு வருடமும் இவர் இவ்வளவு வலியோடு வேலை செய்திருக்க வேண்டாம் என்றார். ஜாக்கெட் கொக்கி மாட்டக் கால்மணி நேரம் ஆகிறது என்பதை அக்கா அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய் திறந்து சொன்னார். வயதாகிவிட்டது என்று நினைத்தாராம். அவருக்கு அப்போது ஐம்பத்தொன்று. அந்தக் கடையும் அந்தக் கைகளும்தான் அவருக்குச் சோறு. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர், “பேஜார் ஆவாத தம்பி, நீ எழுதலன்னா இதுவும் தெரிஞ்சிருக்காது” என்றார். அது ஆறுதலா, குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்கு அன்று உறைத்தது இதுதான். நம்பர் போட்ட ஏழு வரியை எழுதியபோது நான் யாரையுமே பார்க்கவில்லை. அக்காவின் கையை மட்டும் பார்த்தேன், பார்த்தவுடனே ஓர் அழகான காரணத்தை மாட்டிவிட்டு அவரைக் கேட்காமல் விட்டேன். முதல் தப்பு யாரையும் நோகடிக்கவில்லை. இரண்டாவது தப்புக்கு ஒரு மனுஷியின் இரண்டு வருடம் போயிருக்கிறது.

மாத்திரை எத்தனை நேரம் வேலை செய்கிறது, கை எப்போது அதிகம் ஆடுகிறது என்று ஒரு நோட்டில் குறித்துவரச் சொல்லியிருந்தார் டாக்டர். அக்கா அந்த நோட்டை என்னிடம் தள்ளினார். “நீதான பாக்கறவன், நீயே எழுது. ஆனா ஒண்ணு. கை இன்னா பண்ணுதோ அத்த மட்டும் எழுது. அது போல, இது போலன்னு ஒண்ணு வந்துச்சி, காயிதத்த கிழிச்சிடுவேன்.”

சனிக்கிழமைதோறும் சாயங்காலம் போய் உட்காருகிறேன். இப்போது அக்கா பெரும்பாலும் போனில் பேசியே டைப் செய்கிறார். அவர் பேசப் பேச எழுத்து வந்து விழுகிறது, தப்பை மட்டும் விரலால் திருத்துகிறார். பத்திரிகை, விண்ணப்பம், பத்திரம் எல்லாம் அப்படித்தான் ஓடுகிறது, முன்பைவிட மெதுவாக. அந்த நம்பர்களுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது, ஆனாலும் காகிதத்தை அவர் எடுக்கவில்லை. அதிலிருக்கும் உருண்டையான பெரிய எழுத்தையும், நேற்று ஒரு கவர்மேல் அவர் எழுதிய எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே கை எழுதியது என்று யாரும் நம்ப மாட்டார்கள். நான் நோட்டில் எழுதுவேன். நாலு மணி பத்து நிமிடம், வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அசைகின்றன. நாலு நாற்பது, மாத்திரை. ஐந்தே கால், அசைவு குறைந்தது. நான் எழுதியதிலேயே ஒரு வரி விடாமல் படிக்கப்படுவது இந்த நோட்டுதான்.

போன சனிக்கிழமை அக்கா இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்து, ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தார். வலது கை அமைதியாக இருந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்று எழுதப் போனேன். அப்போது இடது கையைப் பார்த்தேன். கட்டைவிரல் மெல்ல, மிக மெல்ல, ஆள்காட்டி விரல்மேல் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. தப்பாகப் பார்த்திருப்பேன், அடுத்த வாரம் சொல்லலாம், டாக்டரிடம் தனியாகச் சொல்லலாம் என்று மனம் கிடந்து தவித்தது. முன்பும் இப்படித்தானே இருந்தேன். ரெண்டு வருடம்.

“அக்கா” என்றேன். “இடது கையும்.”

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். இடது கையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து வெகுநேரம் பார்த்தார். விரல் நகர்ந்தது. இருவரும் பார்த்தோம். பிறகு அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைத் திருப்பிக்கொள்ள முயன்றேன், முடியவில்லை. அக்கா திரையோரத்துக் காகிதத்தின் கடைசி வரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“இன்னா தம்பி, ஏழா?”

“ஆமாங்க்கா.”

“சரி, தொடச்சிக்க. உடனே சொன்ன இல்ல, அது போதும். மணியப் பாத்து எழுது.”

துடைத்துக்கொண்டு எழுதினேன். மாலை ஐந்து மணி இருபது நிமிடம். இடது கட்டைவிரல் அசைந்தது. இதுவே முதல் முறை.