ஐந்தாவது கிளீனிங்

நான் தென்காசியில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. வகுப்பில் பூ, பழம், பறவை என்று படம் அடித்து ஒட்டுவதற்காக வீட்டில் ஓர் இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கி வைத்திருக்கிறேன். போட்டோவும் அதில் நன்றாகவே வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது என்னைப் படுத்திய பாட்டுக்குத் தூக்கித் தெருவில் வீசியிருக்க வேண்டும். வீசியிருந்தால் என் மகள் முகத்தில் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்திருக்க மாட்டேன்.

அவள் கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். குற்றாலச் சீசன் ஆரம்பித்ததும் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நாங்கள் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்த சமயம். தரகர் அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப் படம் போதவில்லை.

"போன்ல காட்டுனா பெரியவங்களுக்கு மனசுல நிக்க மாட்டேங்கு டீச்சர். கையில குடுக்க மாதிரி ஒண்ணு போட்டுத் தாங்க. திங்கக்கிழம ஒரு நல்ல எடத்துக்குப் போவணும்" என்றார்.

அதனால் சனிக்கிழமை அவளை மஞ்சள் பட்டு கட்டச் சொல்லிக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனேன். பச்சைக் கரை போட்ட நல்ல மாம்பழ மஞ்சள். ஐந்தருவிப் பக்கம் சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு கையில் போன், ஒரு கையில் பஜ்ஜி என்று நான் நின்றபோது, குரங்கு ஒன்று வந்து பஜ்ஜியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. நான் அலறிய அலறலில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்போடு எடுத்த படம்தான் இருந்ததிலேயே நன்றாக வந்திருந்தது.

மறுநாள் காலை அதை அடித்தேன். பட்டு வெளிறிப்போய் வந்தது. முகத்தில் கத்தரிக்காய் நிறம் ஓடியது. மகள் டீயும் கையுமாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யம்மா, இது யாரு? பாக்க நம்ம வீட்டுப் பிள்ள மாரியே இருக்கு!"

"சும்மா கெட ஏட்டி" என்று நானும் சிரித்தேன்.

மை ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க மெஷினிலேயே ஒரு சோதனை உண்டு. நாலு நிறத்திலும் கோடு கோடாக ஒரு தாள் அடித்துத் தரும். அதில் மஞ்சள் கோடு பாதிக்கு மேல் அறுந்து கிடந்தது. ரொம்ப நாள் அடிக்காமல் வைத்திருந்ததில் மஞ்சள் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு ஹெட் கிளீனிங் என்று ஒரு பட்டன். அமுக்கினால் மெஷின் இரண்டு நிமிஷம் முக்கி முனகி அடைப்பை எடுக்கும். இரண்டு தடவை போட்டதும் மஞ்சள் கோடு முழுசாக வந்துவிட்டது.

ஆனால் போட்டோ மங்கல்தான். அங்கங்கே மை ஊறித் திட்டுத் திட்டாக இருந்தது. மூன்றாவது தடவை போட்டேன், நாலாவது தடவை போட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் மையைத் திட்டினேன், மெஷினைத் திட்டினேன், வெளியே பெய்கிற சாரலையும் விடவில்லை. கடைசியில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்க வருகிறவருக்குப் போன் செய்தேன்.

"டீச்சர், போட்டோ பேப்பர எங்கன வச்சிருக்கிய?"

"சன்னல் பக்கத்துல, மேசை மேலதான்."

"வெளங்கிரும். சீசன் காத்து மனுசனுக்குத்தான் நல்லது, பேப்பருக்கு ஆவாது. ஈரத்தக் குடிச்சிருக்கும். புதுப் பாக்கெட் பிரிங்க. செட்டிங்ல சாதாப் பேப்பர்னு கெடக்கும், அத போட்டோ பேப்பர்னு மாத்துங்க. பெறவு, போன் வெளிச்சத்தோட வச்சு ஒப்பிடாதிய. போன்ல எல்லாமே பளிச்சுன்னுதான் தெரியும். அந்தப் படத்துல இருக்க சாமான் எதாவது வீட்டுல இருந்தா, அதப் பக்கத்துல வச்சுப் பாருங்க."

அவர் சொன்னபடியே செய்தேன். படம் மெதுவாக வெளியே வந்தது. உள்ளறைக் கொடியில் காயப்போட்டிருந்த பட்டுச் சேலையை மகள் ஓடிப்போய் எடுத்துவந்தாள். கரையில் இன்னும் ஈரம் இருந்தது. சன்னலோரம் அதை விரித்து, மேலே போட்டோவை வைத்தோம். அதே மஞ்சள், அதே பச்சை. கரையில் ஓடிய மெல்லிய சிவப்பு இழைகூடத் தப்பவில்லை.

"வந்துட்டு! பாத்தியாம்மா, வந்துட்டு!" என்று கைதட்டினாள்.

நான் சேலையைப் பார்க்கவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூஞ்சி இன்னும் இருட்டடிச்சுதான் இருக்கு."

"எங்கன?"

நான் விரலை வைத்துக் காட்டினேன். கன்னம், நெற்றி, கழுத்து. "மஞ்சள் இன்னும் சரியா எறங்கலையோ என்னவோ."

அவளுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. போட்டோவைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள். பிறகு தன் கையைக் கொண்டுவந்து அந்த முகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு வித்தியாசமும் இல்லை.

"சேல கலர் சரியா வந்திருக்குல்லாம்மா?"

"ஆமா."

"அப்பம் மெஷின் சரியாத்தாம்மா இருக்கு. நான் இந்தக் கலருதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் பொறுமையாக, பாடம் புரியாத பிள்ளைக்கு நான் வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். நான் ஏதோ சொல்லவேண்டும் என்று காத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது.

அது அவள் அப்பாவின் நிறம். அந்த மனுஷரை அந்த நிறத்தோடுதான் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டேன், ஒருநாளும் குறையாகத் தோன்றியதில்லை. மகளுக்கு வந்தபோது மட்டும் எனக்கு என்ன வந்ததோ! வெயிலில் நிற்காதே என்றேன், இந்தக் கலர் உனக்கு எடுக்காது என்று ஜவுளிக்கடையில் வைத்தே சொன்னேன். எல்லாம் அவள் நல்லதுக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். அந்தக் காக்கைக்கு இருந்த புத்தி இருபத்தாறு வருஷமாக எனக்கு இல்லாமல் போயிற்று.

"இந்தக் கலருக்கு என்னட்டி கொறச்சல்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெறுமனே அவள் கையையாவது பிடித்திருக்கலாம். நான் சொன்னது இதுதான்:

"இரு, இன்னும் ஒரு தடவ கிளீனிங் போட்டுப் பாக்கேன்."

பட்டனை அமுக்கினேன். அடைப்பே இல்லாத மெஷின் முக்கி முனகத் தொடங்கியது. அது ஓயும்வரை அவள் அங்கேயே நின்றாள். ஓய்ந்ததும் சேலையை எடுத்து மடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் அதோடும் நிற்கவில்லை. கம்ப்யூட்டரில் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டி இன்னொன்று அடித்தேன். பட்டு எலுமிச்சம்பழ நிறமாகிவிட்டது, அவள் சிரிப்பில் பல் இருந்த இடம் தெரியவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது. அதை உறையில் போட்டு அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அந்த இடம் அமையவில்லை. அடுத்த வருஷம், கூட வேலை பார்த்த பையனை அவளே சொன்னாள், கட்டிவைத்தோம். தங்கமான பிள்ளை.

மகள் என்னோடு சண்டை போடவில்லை. தினமும் போன் செய்கிறாள், மாத்திரை போட்டாயா என்று கேட்கிறாள். சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது மனசைத் திடப்படுத்திக்கொண்டு, "அன்னைக்கு போட்டோ விஷயத்துல அம்மா செஞ்சது தப்புட்டி" என்று ஆரம்பித்தேன்.

"எந்த போட்டோ? எனக்கு ஞாபகமே இல்லம்மா" என்றாள். நான் முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டாள்.

வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், எல்லாரும் சேர்ந்து நிற்கிற நேரத்தில், "நில்லுங்க, நான் எடுக்குதேன்" என்று போனை வாங்கிக்கொள்கிறாள். வேறு யாராவது எடுக்கிறேன் என்றாலும் கொடுப்பதில்லை. பொங்கலுக்கு எடுத்தாள், இலஞ்சிக் கோயிலில் என் தம்பி பேத்திக்குக் காது குத்தியபோது எடுத்தாள். எல்லாவற்றையும் மறக்காமல் எனக்கு அனுப்புகிறாள். நானும் காய்ந்த பேப்பர் போட்டு, செட்டிங்கைச் சரிபார்த்து அடிக்கிறேன். சேலை, பூ, அவரவர் முகம் எல்லாம் உள்ளது உள்ளபடி வருகிறது. அவள் கல்யாணத்துக்குப் பிறகு அடித்த படங்களே ஓர் ஆல்பம் நிறைய இருக்கின்றன. ஒன்றில்கூட அவள் இல்லை.