சட்டசபையில் என் துண்டு

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. அதையும் முழுசாக முடிக்கவில்லை. அப்படிப்பட்ட ஒருவன் சொல்லிக் கொடுத்ததை வைத்து வெள்ளைக்காரன் காலத்துச் சென்னைச் சட்டசபை ஒரு சட்டம் செய்தது என்றால் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்குச் சபையில் உட்கார்ந்திருந்தவர்களும்தான் சிரித்தார்கள். நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன். ஒளிவுமறைவு ஒரு காலத்தில் எனக்குத் தொழில். சட்டம் போட்டு அதை நிறுத்திவிட்டபடியால் பழக்கம் விட்டுப் போய்விட்டது.

முப்பதுகளில் நான் திண்டிவனத்தில் மல்லாட்டைத் தரகன். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். கிளியனூர்ப் பக்கம் ஒரு குழி நிலம்கூட இல்லாத வீட்டில் பிறந்து, மண்டிக்கு மூட்டை தூக்க வந்தவன். பத்து வருஷம் முதுகில் மூட்டை. பிறகு மூட்டையை இறக்கிவிட்டுத் தோளில் துண்டு போட்டேன். எனக்கு யாரும் வழிகாட்டவில்லை, யாரும் கை தூக்கி விடவுமில்லை. முப்பது வயதில் அந்த வட்டாரத்தில் என் துண்டுக்குள் கை வைக்காத மல்லாட்டை வியாபாரி கிடையாது.

அந்தத் துண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போதெல்லாம் மல்லாட்டை விலையை வாயால் பேச மாட்டோம். வண்டியோடு வந்த விவசாயியின் கை மேல் துண்டைப் போர்த்தி, உள்ளே விரலைப் பிடிப்போம். ஒரு விரலுக்கு ஒன்று, முழுக் கைக்கு ஐந்து. உள்ளங்கையை அழுத்தினால் சம்மதம். அழுத்திய பிறகு ராஜாவானாலும் பின்வாங்கக் கூடாது. பிறகு அதே துண்டோடு சரக்கு வாங்குகிற கம்பெனி ஏஜெண்டிடம் போய் அவர் விரலைப் பிடிப்பேன். பக்கத்து வண்டிக்காரனுக்கு என்ன விலை போயிற்று என்று இந்த வண்டிக்காரனுக்குத் தெரியாது. விவசாயிக்கு ஒரு விலை, ஏஜெண்டுக்கு ஒரு விலை. நடுவில் இருந்ததுதான் என் சாப்பாடு. வாய் என்ன வேண்டுமானாலும் சொல்லும். "ஐயோ கட்டுப்படியாகாது" என்று அழும். வாயை யாரும் நம்ப மாட்டோம். கை சொன்னதுதான் பேச்சு.

என் அக்காள் புருஷனும் எனக்குத்தான் மல்லாட்டை கொண்டு வருவார். கையைத் துண்டுக்குள் நீட்டிவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். "நீ பாத்துப் புடி மச்சான், நான் இன்னாத்த சொல்லப் போறேன்" என்பார். நானும் பார்த்துத்தான் பிடித்தேன்.

இப்படி இருக்கையில்தான் சென்னைச் சட்டசபையில் ஒரு மசோதா வருகிறது என்று மண்டி நயினார் வந்து சொன்னார். அவர் செஞ்சிப் பக்கத்துச் சமண வீட்டுக்காரர். திண்டிவனத்தில் பெரிய மண்டி அவருடையதுதான். இங்கிலீஷ் பேப்பர் எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

"இனிமே சர்க்காரே மார்க்கெட் வைக்குமாம். வெலய எல்லாருக்கும் கேக்கற மாதிரி கூவணுமாம். துண்டுக்குள்ள புடிச்சா அபராதமாம்" என்றார்.

"அப்ப எனக்கு வேல?"

"உனுக்கா? மூட்ட தூக்கற வேல அப்படியேதான் கீது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டை தூக்கின முதுகு அந்த வார்த்தையைக் கேட்டதுமே வலித்தது.

ஆனால் எனக்கு ஒரு பிடி இருந்தது. எங்கள் பக்கத்துச் சட்டசபை மெம்பர் விழுப்புரத்து வக்கீல். தேர்தலில் அவருக்காக வண்டி கட்டி, ஓட்டு உள்ளவர்களை ஊர் ஊராகப் போய் ஏற்றி இறக்கியவன் நான். எனக்கு ஓட்டு கிடையாது. அந்தக் காலத்தில் நிலத்துக்கு வரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. நான் ஏற்றி இறக்கியவர்கள் எல்லாருமே மல்லாட்டை பயிரிடுகிறவர்கள் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. வக்கீல் யோசித்திருக்கிறார். அதனால்தான் அவர் வக்கீல்.

நானும் நயினாரும் விழுப்புரம் போய் அவரைப் பார்த்தோம். சுவர் முழுக்கச் சட்டப் புத்தகம். நாற்காலி கொடுத்தார், காப்பி கொடுத்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதேய்யா. துண்டுக்குள்ள எப்படித்தான் விலை பேசுவீங்க?" என்று கேட்டார்.

அதைப் போய் என்னிடம் கேட்டால் விடுவேனா? அவர் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு, ஒவ்வொரு விரலாகக் காட்டினேன். "சரி, விவசாயிக்குச் சொல்ற விலையும் ஏஜெண்டுக்குச் சொல்ற விலையும் ஒண்ணுதானா?" என்றார். நயினார் என் காலை மிதித்தார். நான் பேச்சு சுவாரசியத்தில் இருந்தேன்.

"அது எப்படிங்க ஐயா ஒண்ணாயிருக்கும்? அங்கதான தெறம கீது! ஒரே நாள்ல, ஒரே சரக்குக்கு, நாலு வண்டிக்கு நாலு வெல புடிச்சிருக்கேன். ஒருத்தனுக்கும் தெரியாது!"

வக்கீல் பேனாவை எடுத்துக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். நான் சொல்வதை ஒரு வக்கீல் எழுதிக்கொள்கிறார்! நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன், அவருக்கு எழுத வசதியாக.

வெளியே வந்ததும் நயினார், "எல்லாத்தையும் கொட்டிட்டியே" என்று தலையில் கை வைத்தார். "வக்கீல்கிட்டயும் டாக்டர்கிட்டயும் மறைக்கக் கூடாது நயினாரே" என்றேன். நம்முடைய வக்கீலா, எதிராளி வக்கீலா என்று அவர் கேட்கவில்லை.

மசோதா சபைக்கு வந்த நாளில் இரண்டு பேரும் சென்னைக்கு ரயில் ஏறினோம். கோட்டைக்குள் வராந்தாவில் வக்கீல் நின்றிருந்தார். கோட்டு, தலைப்பாகை. சுற்றிலும் இன்னும் பல மெம்பர்கள். அந்த இடத்தில் உரக்கக் கேட்பது மரியாதையாகப் படவில்லை. எனக்குத் தெரிந்த முறையில் கேட்டேன். அவர் கையைப் பிடித்தேன், துண்டைப் போர்த்தினேன். "ஐயா, துண்டு இருக்கணுங்க" என்று மெதுவாகச் சொன்னேன்.

வக்கீல் வாயால், "சபை என்ன முடிவு பண்ணுதோ, பார்ப்போம்" என்றார். ஆனால் துண்டுக்குள் என் உள்ளங்கையை நன்றாக அழுத்தினார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

எனக்கு வேறு என்ன வேண்டும்? வாய் சபையைப் பார்த்துப் பேசிற்று. கை எனக்குச் சம்மதம் சொல்லிற்று. முடிந்தது வியாபாரம். அது மட்டுமா? "உங்க துண்டைக் கொஞ்சம் குடுங்க, உள்ள வேணும்" என்று என் துண்டையே வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

"நயினாரே, துண்டு கேட்டு வாங்கிக்கினு போறாரு பாத்தீங்களா!" என்றேன்.

"பாத்தேன். அதான் பயமா கீது" என்றார் அவர்.

மேலே வேடிக்கை பார்க்கிறவர்களுக்கான மாடத்தில் உட்கார்ந்தோம். கீழே ஒருவர் எழுந்தார், பேசினார், உட்கார்ந்தார். இன்னொருவர் எழுந்தார். எல்லாம் இங்கிலீஷ். நயினார் அரைகுறையாகக் கேட்டு எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: முதலில் சாலைக்குக் கல் போடுவது, அப்புறம் ஏதோ ஆஸ்பத்திரி. எங்கள் மசோதா வரவில்லை. வெயில் தாழத் தாழ நயினார் நெளிய ஆரம்பித்தார். சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும். அதுவும் தங்கள் ஆட்கள் வீட்டில். தெரிந்த வீடு கோட்டையிலிருந்து வெகு தூரம்.

"இதுக்கு மேல குந்தியிருந்தா நான் பட்டினிதான். நீ பாத்துக்கினு வா" என்று எழுந்து போய்விட்டார்.

அவர் போன கால் மணியில் எங்கள் மசோதா வந்தது. வக்கீல் எழுந்தார். அவர் பேசிய இங்கிலீஷில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் பேச்சின் நடுவில் என் துண்டை எடுத்து உதறினார். பக்கத்து மெம்பரின் கையைப் பிடித்து இழுத்து, மேலே துண்டைப் போர்த்தி, ஒரு விரல், இரண்டு விரல் என்று நான் காட்டின மாதிரியே காட்டினார். சபை முழுக்கச் சிரிப்பு. மேஜையைத் தட்டினார்கள். தலைவர் நாற்காலியில் இருந்தவருக்கும் உதடு பிரிந்தது. எங்கள் கிளியனூர்ப் பக்கத்துத் துண்டுக்குக் கோட்டைக்குள் அப்படி ஒரு வரவேற்பு! எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளிடம், "அது என் துண்டுங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

ஊருக்கு வந்து தரகர்களை எல்லாம் கூட்டிச் சொன்னேன். "கை அழுத்திட்டாரு. சபையே தட்டிச்சி. துண்டுக்கு ஒண்ணும் வராது. இது என் பேச்சு." நயினார் மட்டும், "பேப்பர் வரட்டும்" என்றார். அவர் சுபாவம் அப்படி.

வக்கீல் திரும்பி வருகிற நாளில் பெரிய ரோஜா மாலையோடு விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் போனோம். பிளாட்பாரத்தில் எங்களுக்கு முன்பே கூட்டம். எல்லாரும் விவசாயிகள். அவர்கள் கையிலும் மாலை. நடுவில் என் அக்காள் புருஷன்.

என்னைக் கண்டதும் அவருக்கு ஆச்சரியம். "இன்னா மச்சான், நீயும் மாலை எடுத்துக்கினு வந்துட்ட? மெய்யாலுமே பெரிய மனசுதான் உனுக்கு!"

"நான் வராம யாரு வருவா மாமா? சட்டத்த நிறுத்தனதே நான்தான?"

"நிறுத்தினியா? சட்டம் பாஸாயிப்போச்சு மச்சான். வாத்தியாரு பேப்பர்ல படிச்சி சொன்னாரு. இந்தத் துண்டுக்குள்ளதான் எங்க ஜில்லாக் குடியானவன் கழுத்த அறுக்கறாங்கன்னு நம்ம வக்கீலு துண்ட விரிச்சிக் காட்டனாராம். நாலு வண்டிக்கு நாலு வெலயாமே, அப்படியா?"

நான் பதில் சொல்வதற்குள் ரயில் வந்துவிட்டது. அந்த ரயில் நேரத்துக்கு வந்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு நாள்தான்.

வக்கீல் இறங்கினார். அவர்கள் மாலையும் விழுந்தது, எங்கள் மாலையும் விழுந்தது. இரண்டையும் ஒரே முகத்தோடு வாங்கிக்கொண்டார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கேட்டேன்: "ஐயா, கை அழுத்தினீங்களே! ரெண்டு வாட்டி அழுத்தினீங்களே!"

"ஆமாய்யா, நன்றி சொல்றதுக்குத்தான் அழுத்தினேன். நீங்க அவ்வளவு விவரமா சொல்லிக் குடுக்கலைன்னா நான் அன்னைக்கு என்னத்தைப் பேசியிருப்பேன்?" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். பெட்டியைத் திறந்து என் துண்டை எடுத்துக் கொடுத்தார். வெளுத்து, மடித்து, இஸ்திரி போட்டிருந்தது.

கோட்டையில் பிறந்த சட்டம் எங்கள் பக்கம் நடந்து வந்து சேரச் சில வருஷம் ஆயிற்று. வந்ததும் கமிட்டி மார்க்கெட் ஒன்று திறந்தார்கள். தரகர்கள் என்னைப் பார்த்தால் எச்சில் துப்பினார்கள். நான் முடங்கி உட்காரவில்லை. நேரே வக்கீலிடம் போய், "ஐயா, சட்டத்துக்கு விஷயம் குடுத்தவனுக்கு அந்தச் சட்டத்துல ஒரு வேலகூடவா இல்ல?" என்று கேட்டேன். அவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு போனேன். விலை கூவுகிற வேலை கிடைத்தது. மூட்டை தூக்கும்போது ஏலேலோ போட்டு வளர்ந்த தொண்டை. நான் கூவினால் மார்க்கெட்டின் கடைசி வண்டி மாட்டுக்கும் கேட்கும்.

முதல் நாள் அக்காள் புருஷன் வண்டி வந்தது. அவர் சரக்குக்கும் பக்கத்து வண்டிக்கும் ஒரே விலை கூவினேன். கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"மச்சான், போன வருஷம் எங்கையில ஒரு வெல புடிச்சியே, ஏஜெண்டு கையில எவ்ளோ புடிச்ச?"

"அது சட்டத்துக்கு முந்தி மாமா" என்றேன்.

"சரிதான்" என்று தலையை ஆட்டிவிட்டு மாட்டைப் பூட்டிக்கொண்டு போனார். சண்டை போடவில்லை, வரப்போக்கை நிறுத்தவில்லை. அடுத்த தீபாவளிக்கும் அக்காளை அழைத்துக்கொண்டு வந்தார். அவர் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன்.

நாற்பதுகளில், யுத்தம் முடிகிற சமயம், அவர் பெண்ணை என் பையனுக்குக் கேட்டுப் போனேன். வெற்றிலைத் தட்டு வைத்தாயிற்று. பெண்ணுக்குப் பரியமாக எத்தனை பவுன் போடுவது என்று பேச்சு வந்தது. சபையில் பத்து இருபது பேர் இருக்கும்போது அதை வாய்விட்டுப் பேசுவானேன் என்று, பழைய பழக்கத்தில் துண்டை எடுத்து அவர் பக்கம் கையை நீட்டினேன். அதே துண்டுதான்.

அவர் தம் கையை மடியில் வைத்துக்கொண்டார். முகத்தை மட்டும் இந்தத் தடவை வேறு பக்கம் திருப்பவில்லை.

"சத்தமா சொல்லு மச்சான். நீ போட்ட சட்டம்தான?"

வீடு முழுக்கச் சிரித்தது. என் அக்காளும் சிரித்தாள். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மார்க்கெட்டில் கூவுகிற குரலில், வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். துண்டுக்குள் பேசியிருந்தால் அதில் ஒரு விரல் குறைத்துத்தான் பிடித்திருப்பேன்.